இரண்டாம் படி இல்லாத ஏணி



இலக்கணத்தையும் கட்டுரைப் பயிற்சியையும் பற்றியே பெரும்பாலும் எழுதிவரும் நான், இன்று காற்பந்தைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழாசிரியருக்குத் திடலில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சென்ற வாரம் கோலா கிளாவாங் பட்டணத்தில் என் முன்னாள் மாணவன் ஒருவனைச் சந்தித்தேன். தோட்டத்துப் பிள்ளை. எங்கள் பள்ளியின் எழுவர் காற்பந்துக் குழுவில் இடப்பக்கம் ஓடியவன். பந்து காலுக்கு வந்துவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது. இப்போது இடைநிலைப்பள்ளியில் மேற்படிவத்தில் படிக்கிறான். “இன்னும் விளையாடுகிறாயா?” என்று கேட்டேன். “இல்லைங்க ஐயா. விளையாடி எங்க போறது?” என்றான். அவன் சலித்துக்கொண்டு சொல்லவில்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னான். அந்த விடை இரண்டு நாளாக என் மனத்தை விட்டு அகலவில்லை.

இதே மாணவன் 2021-ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டில் படித்தான். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடந்துகொண்டிருந்த காலம் அது. தோட்டத்தில் இணையத் தொடர்பு சரியாகக் கிடைக்காது. அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகே அவனுக்குக் கைப்பேசி கிடைக்கும். ஒருநாள் இரவு, செய்து முடித்த பயிற்சியோடு ஒரு கேள்வியையும் அனுப்பியிருந்தான். “ஐயா, நம்ம நெகிரி ரெண்டாம் பிரிவுலதானே ஆடுது? அப்படின்னா நாம தோத்தவங்களா?”

நியாயமான கேள்விதான். நம் மாநிலம் சாதாரண மாநிலம் அன்று. 1948, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை வென்ற மாநிலம். 2003-லும் 2010-லும் எஃப்.ஏ. கிண்ணத்தையும், 2005-06 பருவத்தில் சூப்பர் லீக்கையும் வென்றது. அத்தகைய அணி பின்னர் இரண்டாம் பிரிவான பிரிமியர் லீக்கிற்கு இறங்கியது. 2018-இல் மேலே ஏறி, அதே பருவத்தில் மீண்டும் கீழே விழுந்தது. அந்தப் பிள்ளைக்கு நினைவு தெரிந்த நாள்முதல் நெகிரி செம்பிலான் பெரும்பாலும் இரண்டாம் பிரிவு அணியே. பழைய வெற்றிகள் அவனுக்கு அப்பா சொல்லும் கதைகள்.

2021 பிரிமியர் லீக்கில் பதினொரு அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணிக்கும் இருபது ஆட்டங்கள். அவற்றுள் ஜொகூர் டாருல் தக்சிம், திரங்கானு, சிலாங்கூர், பேரா ஆகியவற்றின் இரண்டாம் அணிகளும் இருந்தன. மேல் பிரிவில் ஆடும் அணிகளின் மாற்று அணிகள் அவை. எத்தனை வென்றாலும் மேலே ஏற முடியாது. இளையோர்க்கென அமைக்கப்பட்ட திட்ட அணியும் ஒன்று. சரவாக் யுனைடெட், கூச்சிங் சிட்டி, கிளந்தான், கிளந்தான் யுனைடெட், காவல் துறையின் அணி, நெகிரி செம்பிலான் ஆகியவையே ஏனையவை. மார்ச்சில் தொடங்கிய பருவம் நோய்த்தொற்றினால் இடையில் நின்றது. பின்னர் மீண்டும் தொடர்ந்தது. ரசிகர்கள் விரும்பியபடி பாரோய் அரங்கிற்குச் சென்று ஆரவாரம் செய்ய இயலாத ஆண்டு அது.

அந்த அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர் கே. தேவன். 2009-லும் 2010-லும் சிலாங்கூர் சூப்பர் லீக் வென்றபோது அதன் பயிற்றுநராக இருந்தவர் அவரே. நாட்டின் உச்சப் பிரிவில் இருமுறை வென்ற ஒருவர், இரண்டாம் பிரிவில் ஆடும் அணியை ஏற்றுக்கொண்டார். இதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கீழே இறங்கி வேலை செய்வது அவருக்கு இழுக்காகத் தோன்றவில்லை. செப்டம்பரில் பருவம் முடிந்தபோது நெகிரி செம்பிலான் முதலிடத்தில் நின்றது. சரவாக் யுனைடெட்டும் உடன் ஏறியது. அடுத்த ஆண்டு, 2022-இல், சூப்பர் லீக்கில் நெகிரி செம்பிலான் நான்காம் இடத்தைப் பிடித்தது. சிலாங்கூரே அதற்குப் பின்னால்தான் நின்றது. முந்தைய ஆண்டு இரண்டாம் பிரிவில் இருந்த அணி அது!

அக்டோபரில் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தபோது அந்த மாணவனிடம் சொன்னேன்: “பார்த்தாயா? இரண்டாம் பிரிவு தோற்றவர்களின் இடம் இல்லை. ஏறுவதற்கு ஆயத்தம் செய்யும் இடம்.” அவன் முகம் மலர்ந்தது. நான் சொன்னது அன்று உண்மை. இன்று அதே சொற்களை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் அந்த இரண்டாம் பிரிவே இப்போது இல்லை. 2004-இல் தொடங்கிய பிரிமியர் லீக் 2022 பருவத்தோடு முடிவுக்கு வந்தது. அதன் கடைசி வெற்றியாளர் ஜொகூர் டாருல் தக்சிமின் இரண்டாம் அணி. இரு பிரிவுகளையும் இணைத்து 2023 முதல் பதினெட்டு அணிகள் கொண்ட ஒரே லீக் என்று திட்டமிட்டார்கள். உரிமம் கிடைக்காமலும் தாமாக விலகியும் சில அணிகள் நின்றுவிட, ஆடியவை பதினான்கே. 2021-இல் இரு பிரிவுகளிலும் சேர்த்து இருபத்து மூன்று அணிகள் இருந்தன. மாணவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெகிரி செம்பிலானோடு தோள் சேர்ந்து ஏறிய சரவாக் யுனைடெட்டும் 2023-இல் உரிமம் பெறவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான இழப்பு ஒன்று உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியான மீஃபா, 2017-இல் பிரிமியர் லீக்கிற்குள் நுழைந்தது. இரண்டே பருவங்களில் மேலே ஏறும் தகுதியைப் பெற்று, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. பின்னர் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல், உள்நாட்டுப் பிள்ளைகளை மட்டுமே கொண்டு உச்சப் பிரிவில் நின்றது. அந்த அணியும் 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. ஆக, நம் சமூகத்தின் அணி ஏறிவந்த படியும், ஏறிவந்த அணியும் ஒரே ஆண்டில் மறைந்தன. இதைப் பற்றி நம்மிடையே போதிய பேச்சு எழவில்லை என்பது என் வருத்தம்.

மறுதரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பிரிவில் கூட்டம் வராது, விளம்பரதாரர் வரமாட்டார், ஆட்டக்காரர்க்குச் சம்பளம் கொடுக்க முடியாத அணிகளை வைத்துக்கொண்டு லீக் நடத்துவதில் என்ன பயன் என்று கேட்கிறார்கள். சம்பளம் கிடைக்காத ஆட்டக்காரனின் குடும்பம் படும் பாட்டை அறிந்தவன் எவனும் இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட மாட்டான். கீழே ஏ1 என்னும் பகுதித் தொழில்முறை லீக் இருக்கிறது என்றும், அங்கிருந்து சில அணிகள் மேலே வந்திருக்கின்றன என்றும் சொல்கிறார்கள். அதுவும் உண்மையே. ஆனால் பகுதித் தொழில்முறை என்பது பகலில் வேறு வேலை, மாலையில் ஆட்டம் என்பதாகவே பலருக்கு முடிகிறது. வீட்டில் வசதி உள்ளவன் சில ஆண்டுகள் அப்படிக் காத்திருக்கலாம். செம்பனைக் குலை வெட்டும் தகப்பனின் மகன் எத்தனை நாள் காத்திருப்பான்? வீடு ஒழுகுகிறது என்றால் கூரையை மாற்ற வேண்டும். வீட்டையே இடித்துவிடுவது தீர்வாகாது.

பிற நாடுகளைப் பாருங்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2013-14 பருவத்தில் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தது. 2015-16-இல் உச்சப் பிரிவையே வென்றது. வட அமெரிக்காவில் பனித்தரையில் ஆடப்படும் ஹாக்கியில், 1936 முதல் வேர்விட்ட அமெரிக்க ஹாக்கி லீக் இரண்டாம் நிலையில் இருக்கிறது. அங்குள்ள முப்பத்திரண்டு அணிகளும் மேல் லீக்கின் முப்பத்திரண்டு அணிகளோடு ஒன்றுக்கு ஒன்றாக இணைந்தவை. இளைஞன் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே தேர்ச்சி பெறுகிறான். மேலே இடம் காலியானால் அழைக்கப்படுகிறான். நாற்றங்கால் இல்லாமல் எவரும் நடவு செய்வதில்லை.

நாமோ வேறு வழியில் சென்றோம். வெளிநாட்டில் பிறந்த ஆட்டக்காரர்களுக்கு இந்நாட்டுப் பாட்டன் பாட்டியைத் தேடினோம். 2025 செப்டம்பரில், போலி ஆவணங்களின் காரணமாக அத்தகைய ஆட்டக்காரர் எழுவருக்கு அனைத்துலகக் காற்பந்து அமைப்பான ஃபிஃபா பன்னிரண்டு மாதத் தடை விதித்தது. நாட்டின் காற்பந்துச் சங்கத்திற்கு அபராதமும் விதித்தது. அவமானத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் கேட்பது ஒன்றுதான். இந்த மண்ணிலேயே பாட்டனும் பூட்டனும் பால்மரம் வெட்டிய ஒரு பிள்ளை, தேட வேண்டிய ஆவணம் எதுவும் இல்லாமல் இங்கேயே நிற்கிறானே, அவனை யார் தேடினார்கள்?

பிறரை மட்டும் குறை சொல்லி முடிப்பது ஆசிரியருக்கு அழகன்று. நம் பங்கும் இருக்கிறது. முன்பு தோட்டந்தோறும் திடல் இருந்தது. மாலையில் பெரியவர்கள் ஆட, பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே ஓடிய பந்தைப் பொறுக்கிக் கொடுத்தே ஆட்டத்தைக் கற்றார்கள். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று போற்றப்பட்ட கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தின் பெயரை அறியாத தோட்டம் அக்காலத்தில் இல்லை. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தார்கள், திடல்களில் செம்பனை முளைத்தது. எஞ்சியிருப்பது பள்ளித் திடல்தான். அதையும் ஆறாம் ஆண்டோடு மறந்துவிடச் சொல்கிறோம். “பந்து சோறு போடுமா?” என்று கேட்கும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். சோறு போடும் இடமொன்று இரண்டாம் பிரிவில் இருந்தபோதே நாம் அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

அந்த மாணவன் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, சிரம்பானில் பயிற்சிக்குச் செல்ல விரும்பியதை அண்மையில்தான் அறிந்தேன். இங்கிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். புக்கிட் தங்கா மலைப்பாதை. மாலைப் பயிற்சி முடிந்தால் வீடு திரும்பப் பேருந்து கிடையாது. அவன் என்னிடம் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

ஆதலால் என் தாழ்மையான கருத்து இதுதான். சிறியதாயினும் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கும் தொழில்முறை இரண்டாம் பிரிவு ஒன்று மீண்டும் வேண்டும். எட்டு அணிகள் போதும். கணக்கு வழக்கு நேராக இருக்க வேண்டும். வென்றால் ஏற்றம், தோற்றால் இறக்கம் என்ற விதி இருக்க வேண்டும். அது வரும்வரை நம் இயக்கங்களும் ஆலயங்களும் முன்னாள் மாணவர் மன்றங்களும் ஒரு சிறு காரியம் செய்யலாம். பட்டணத்துக்குப் பயிற்சிக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு ஒரு வண்டி ஏற்பாடு. விருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு போதும்.

வரும் சனிக்கிழமை மாலை எங்கள் பள்ளித் திடலுக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்குமாறு அந்த மாணவனை அழைத்திருக்கிறேன். “பார்க்கறேங்க ஐயா” என்றான். வருவான் என்று நம்புகிறேன். வந்தால், சிரம்பான் பயிற்சிக்கு என் வண்டி இருக்கிறது என்பதையும் அவனிடம் சொல்லப் போகிறேன்.

நீங்கள் இருக்கும் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளை ஒருவன் இருந்தால், அவனிடம் ஒருமுறை விசாரியுங்கள். உங்கள் கருத்துகளையும் அறிய ஆவலாக உள்ளேன்.