கடனாளிகளுள் யாருக்குத் தடை, யாருக்கு ஜப்தி?

கடன் வழக்குக்குத் ‘தடை’ கிடைத்தது என்றால் வழக்கே தள்ளுபடியாகிவிட்டது என்று பலரும் பொருள் கொள்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல. நிறுத்திவைக்கப்பட்ட வழக்கு முடிந்துபோன வழக்கன்று. அது கோப்பில் உயிரோடுதான் இருக்கிறது. வழக்குத் தொடுப்பதோ டிக்ரியை நிறைவேற்றுவதோ நீதிமன்ற உத்தரவால் தடைப்பட்டிருந்தால், அந்தக் காலத்தைக் காலவரம்புக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. ஆகவே தடையால் கடன் கரைவதில்லை. கடன் கொடுத்தவரின் உரிமையும் அழிவதில்லை. கடன்பட்டவருக்குக் கிடைப்பது அவகாசம் மட்டுமே. வரவு செலவைக் கணக்கிட்டு, கடன் கொடுத்தோர் அனைவரோடும் ஒரே இடத்தில் பேசித் தீர்ப்பதற்கான அவகாசம். அந்த எளிய அவகாசத்தை இந்தியச் சட்டம் யாருக்கு அளிக்கிறது, யாருக்கு மறுக்கிறது என்பதே இங்குள்ள கேள்வி.

முதலில் நிறுவனங்கள். 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஒரு நிறுவனத்தின் நொடிப்பு நடவடிக்கை ஏற்கப்பட்டவுடன் அதன்மீதான வழக்குகள், டிக்ரி நிறைவேற்றங்கள், சொத்துப் பறிப்புகள் அனைத்தும் நின்றுவிடுகின்றன. காசோலை திரும்பிய வழக்கும் நிறுவனத்தின்மீது நடக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 1 அன்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, பொறுப்பிலிருந்த மனிதர்கள்மீதான வழக்குக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் சொன்னது. காகிதத்தில் பிறந்த ‘நபருக்கு’ மூச்சுவிட இடமுண்டு. தாயின் வயிற்றில் பிறந்த நபருக்கு இல்லை.

அடுத்து, நிறுவனங்களின் கடனுக்குப் பிணை நின்ற தனிநபர்கள். பெரும்பாலும் நிறுவனத்தை நடத்தும் முதலாளிகளே இவர்கள். சட்டத்தின் மூன்றாம் பாகம் இவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மனு தாக்கலான அன்றே, 96ஆம் பிரிவின்படி, அவர்களுடைய கடன்கள் தொடர்பாக நிலுவையிலுள்ள நடவடிக்கைகள் யாவும் ‘நிறுத்திவைக்கப்பட்டதாகக் கருதப்படும்’. நீதிபதி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. பிணையாளர்களைத் தனி வகையாகப் பிரித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2021 மே மாதம் உறுதிப்படுத்தியது.

எஞ்சியிருப்பவர்கள் கிரெடிட் கார்டு பாக்கி வைத்தவர்கள், மருத்துவச் செலவுக்குத் தனிநபர் கடன் வாங்கியவர்கள், வேலை போனபின் தவணை தவறியவர்கள். இவர்களை நாடாளுமன்றம் மறந்துவிடவில்லை. ‘புதிய தொடக்கம்’ என்னும் நடைமுறை அதே சட்டத்தில், 80ஆம் பிரிவு முதல், தெளிவாக எழுதப்பட்டுள்ளது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாமலும், சொத்து மதிப்பு 20,000 ரூபாய்க்கு மேற்படாமலும், தகுதியுள்ள கடன் 35,000 ரூபாய்க்கு மேற்படாமலும், சொந்த வீடு இல்லாமலும் இருப்பவர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்த நாளிலேயே இடைக்காலத் தடை தொடங்கும்; ஏற்கப்பட்டால் 180 நாள் தடை; முடிவில் அந்தக் கடனிலிருந்து விடுதலை. ஒன்பது ஆண்டுகள் கடந்தும் இப்பகுதி நடைமுறைக்கு வரவில்லை. இந்த வருமான வரம்பை மீறியோருக்கான தனிநபர் நொடிப்புத் தீர்வும் அவ்வாறே உறங்குகிறது.

தடுப்பது எது? ஓர் இலக்கணம். மைய அரசு அறிவிக்கையால் குறிக்கும் நாளில் சட்டம் நடைமுறைக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள்களைக் குறிக்கலாம் என்கிறது முதற்பிரிவு. ‘குறிக்கும் நாள்’ என்ற தொடரில் எதிர்காலம் உண்டு, எல்லை இல்லை. பிணையாளருக்கு அந்த எதிர்காலம் மூன்றரை ஆண்டுகளில் நிகழ்காலமாயிற்று. ஏழைக் கடனாளிக்கு அது எதிர்காலமாகவே நீடிக்கிறது. நாடாளுமன்றம் கொடுத்ததை அரசிதழின் மௌனம் எடுத்துக்கொண்டது.

இந்த மௌனத்தின் விலை என்ன? வங்கி டிக்ரி பெற்றுவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஊதியத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் மட்டுமே காக்கிறது. 16,000 ரூபாய் ஊதியம் பெறும் ஊழியரிடமிருந்து மாதம் 5,000 ரூபாய் ஜப்தியாகலாம். டிக்ரித் தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் மூன்று மாதம் வரை உரிமையியல் சிறைக்கும் 58ஆம் பிரிவு இடம் தருகிறது. கட்ட இயலாமை மட்டுமே சிறைக்குக் காரணமாகக் கூடாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1980இல் எழுதிய தீர்ப்பு பெருமைக்குரியதுதான். ஆனால் அதன் பயனைப் பெற ஒருவர் வழக்கறிஞர் வைத்து நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். தவணைக்கே பணமில்லாதவர் வக்காலத்துக்கு எங்கே போவார்?

‘தடை கொடுத்தால் எல்லோரும் கடனைக் கட்டாமல் விட்டுவிடுவார்கள்’ என்பது வழக்கமான வாதம். சட்டத்தைப் படித்தவர் இதைச் சொல்ல இயலாது. அடமானக் கடன், கல்விக் கடன், ஜீவனாம்சம், நீதிமன்ற அபராதம், விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று மாதங்களில் வாங்கிய கடன் ஆகிய எதற்கும் ‘புதிய தொடக்கத்தில்’ விடுதலை கிடையாது. கடன் கொடுத்தவர் ஆட்சேபிக்கலாம். தடைக்காலத்தில் அனுமதியின்றி வெளிநாடு செல்ல முடியாது. மறுபுறம், வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்களோடும் மோசடியாளர்களோடும் வங்கிகள் சமரசம் செய்துகொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது. வேண்டுமென்றே ஏய்த்தவருக்குச் சமரசம், இயலாதவருக்கு ஜப்தி என்றால், அதில் கடன் ஒழுக்கம் எங்கே இருக்கிறது?

‘பழைய சட்டம் இருக்கிறதே’ என்பது இரண்டாவது வாதம். 1909, 1920ஆம் ஆண்டுகளின் நொடிப்புச் சட்டங்கள் இன்றும் உயிரோடிருப்பது உண்மை. நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டவர்மீதான வழக்கை நிறுத்திவைக்க 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் வழி செய்கிறது. ஆனால் 500 ரூபாய்க் கடனை அளவுகோலாக வைத்து எழுதப்பட்ட அச்சட்டத்தைக் கிரெடிட் கார்டு யுகத்தின் தீர்வாகக் காட்டுவது குடியரசுக்குப் பெருமையன்று. காலனி அரசு கொடுத்த தடையைக்கூட எளிமையாக்கித் தர இயலவில்லை என்ற ஒப்புதலே அது.

செய்ய வேண்டியவை மூன்று. மூன்றாம் பாகத்தை அனைத்துத் தனிநபர்களுக்கும் நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வேண்டும். 2016இன் 35,000, 60,000 ரூபாய் வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். கடன் வசூல் தீர்ப்பாயங்களின் வாசலுக்குப் போக முடியாதவர்களுக்கு மாவட்ட அளவிலேயே, அவரவர் மொழியில், விண்ணப்பிக்கும் வசதி வேண்டும்.

அதுவரை கடன்பட்டவர் அறிந்திருக்க வேண்டியவை சில. நீதிமன்றச் சம்மனைப் புறக்கணிக்கக் கூடாது. சுருக்க விசாரணை வழக்கில் முன்னிலையாக 10 நாள்களே உண்டு. லோக் அதாலத் அழைப்பு வந்தாலே கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் அங்கே கையெழுத்திட்ட சமரசம் டிக்ரிக்குச் சமம், அதற்கு மேல்முறையீடு கிடையாது. கடனை ஒப்புக்கொண்டு காலவரம்புக்குள் எழுதித்தரும் ஒரு வரிகூட மூன்றாண்டுக் கணக்கை மீண்டும் தொடங்கிவைக்கும்.

இவை தற்காப்பு மட்டுமே, நீதியல்ல. நிறுவனத்துக்கும் முதலாளிக்கும் நிற்கும் கடிகாரம், கூலிக்காரருக்கும் ஒருமுறை நின்றாக வேண்டும். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. அரசிதழில் ஒரு பக்கம் போதும்.