பாட்டும் கூலியும்

"பாட்டு மக்களின் சொத்து, அதைப் பிரதி செய்து பரப்புவதில் என்ன குற்றம்?" என்று முற்போக்கு நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். எத்தாளை முதல் இலண்டன் வரை, கைப்பேசி உள்ள இடமெல்லாம் இந்த வாதம் இன்று செல்லுபடியாகிறது. கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆயினும், உழைப்பின் பக்கம் நிற்பவர் இதை ஏற்க முடியாது என்பதே நமது கருத்து.

கற்பிட்டிக் கரையோரத்தில் கரைவலை இழுப்பவனுக்கு மீனில் பங்குண்டு. அப்பங்கை மறுக்கும் முதலாளியைச் சுரண்டல்காரன் என்கிறோம். பாட்டை எழுதியவனும், மெட்டமைத்தவனும், வயலின் வாசித்தவனும் உழைப்பாளிகள் அல்லரோ? இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் உரிமையைக் காக்கிறது. திரைப்படப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய பங்கை எழுதிக் கொடுத்தும் இழந்துவிடாதபடி, இந்தியச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. இது சலுகையன்று, கேட்டுப் பெற்ற கூலி.

"உரிமையெல்லாம் கம்பனிகளிடந்தானே இருக்கிறது?" என்பார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால், கம்பனி கலைஞனைச் சுரண்டுகிறது என்பதற்காக நாமும் அவனுடைய எஞ்சிய காசைப் பறிப்பது எந்த நீதி? நியாயமான ஒப்பந்தத்துக்காக அவனோடு சேர்ந்து போராடுவதல்லவா நம் கடமை?

அப்படியானால் நல்ல பாட்டு எவ்வாறு பரவும்? வரலாறு விடை தருகிறது. 1952இல் இந்திய அமைச்சரான கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. இரசிகர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். நேயர்களின் அஞ்சலட்டைகள் கொழும்பில் வந்து குவிந்தன. அவற்றில் இசைத்தட்டு வரவில்லை. பாட்டின் பெயரே வந்தது. அந்தப் பெயரே கடல் கடந்து இரசனையை வளர்த்தது.

பெயரைச் சொல்லவும், புகழவும், குறை கூறவும் எவருடைய அனுமதியும் நமக்கு வேண்டியதில்லை. பதிவைப் பரப்புவதற்கு ஒரு விரல் போதும். ஒரு பாட்டு ஏன் நல்லதென்று சொல்லவோ சிந்தனை வேண்டும். முன்னது சோம்பல், பின்னது விமர்சனம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! பாட்டைப் பரிந்துரையுங்கள். எழுதியவர், இசைத்தவர், பாடியவர் பெயர்களை விடாது குறியுங்கள். கலைஞனுக்குக் காசு சேரும் வழியைக் காட்டுங்கள். நம் கரையோரத்து நாட்டார் பாடலைப் பதிவு செய்யும்போது, பாடிய மூதாட்டியின் ஒப்புதலையும் கேளுங்கள். கூலியை மதிக்காத இரசனை, முற்போக்கு ஆகாது.