வயதான நாயை எங்கே கொண்டுபோய் விடுவது?

நாய்க்கு வயதாகிவிட்டது. கண்ணில் வெண்மை படர்ந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. நடு இரவில் எழுந்து நடக்கிறது. சில நாள் கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது.

"எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் என்ன?"

வீட்டில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுகிறார். கேட்டவர் கெட்டவர் அல்ல. தரையைத் துடைத்துத் துடைத்துக் கை சலித்துப்போனவர்.

அப்படிக் கேட்ட வீட்டில், அன்று மாலையே ஒரு படம் பார்க்க வேண்டும். பாட்டியும் பார்க்கலாம், பேரனும் பார்க்கலாம். நாயும் காலடியில் படுத்திருக்கட்டும்.

படத்தின் பெயர் "உம்பெர்த்தோ டி". இத்தாலி நாட்டுப் படம். 1952-ல் வெளிவந்தது. எடுத்தவர் விட்டோரியோ டி சிகா. "சைக்கிள் திருடர்கள்" படத்தால் உலகப் புகழ் பெற்ற டைரக்டர் இவர்தான்.

"கலைப்படமா? நமக்கு விளங்காதே!" என்று பயப்பட வேண்டாம். டூயட் கிடையாது, கத்திச் சண்டை கிடையாது. கறுப்பு வெள்ளைப் படம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பாஷை தெரியாதவருக்கும் பாதிக் கதை கண்ணாலேயே புரிந்துவிடும்.

கிழவரும் பிளைக்கும்

ரோம் நகரம். பென்சன் வாங்கும் கிழவர்கள் ஊர்வலம் போகிறார்கள். பென்சனை உயர்த்த வேண்டும் என்பது கோரிக்கை. போலீசார் வந்து விரட்டுகிறார்கள். படம் இப்படித் தொடங்குகிறது.

ஓடுகிறவர்களில் ஒருவர் உம்பெர்த்தோ. சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி மக்கள் இல்லை. பிளைக் என்ற நாய் ஒன்றுதான் துணை. வாடகை பாக்கி நிற்கிறது. கைக்கடிகாரத்தை விற்கிறார். புத்தகங்களை விற்கிறார். வீட்டுக்காரிக்கு அது போதவில்லை.

கிழவராக நடித்தவர் நடிகரே அல்ல. கார்லோ பாட்டிஸ்டி என்ற கல்லூரிப் பேராசிரியர். 70 வயதை நெருங்கியவர். அவர் முகத்தைப் பார்த்தால் நம் தெருவில் பென்சனுக்காக நிற்கும் பெரியவர் நினைவுக்கு வருவார்.

கிழவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நாய் காணாமல் போகிறது. தேடிக்கொண்டு நகராட்சியின் நாய்ப்பட்டிக்கு ஓடுகிறார். கேட்பாரில்லாத நாய்களை அங்கே கொன்றுவிடுவார்கள். பிளைக் கிடைத்துவிடுகிறது.

பிறகு பசி வருகிறது. தெருவில் நின்று கையை நீட்டுகிறார். ஒருவர் காசு போட வரும்போது, சட்டென்று உள்ளங்கையைக் கவிழ்த்து, மழை தூறுகிறதா என்று பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார்! மானம் விடவில்லை. தொப்பியை நாயின் வாயில் கொடுத்து நிற்க வைத்துவிட்டு, ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து கொள்கிறார். அந்தப் பக்கம் வந்தவர் பழைய அறிமுகக்காரர். "சும்மா விளையாடுகிறது" என்று சமாளிக்க வேண்டியதாகிறது. சிரிக்க வேண்டிய இடம்தான். சிரிப்பு வராது.

எங்கே விடுவது?

கடைசியில் கிழவர் சாகத் துணிகிறார். அதற்கு முன்பு நாயை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டுமே!

நாய் வளர்க்கும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அங்கே நாய்கள் படும் பாட்டைப் பார்த்ததும் மனம் வரவில்லை. பூங்காவில் ஒரு சிறுமியிடம் கொடுக்கிறார். உடன் வந்தவள் வேண்டாம் என்கிறாள். நாயை விட்டுவிட்டுப் பாலத்தடியில் போய் ஒளிகிறார். நாய் தேடி வந்துவிடுகிறது!

நாயைத் தூக்கிக்கொண்டு ரெயில் பாதைக்குப் போகிறார். ரெயில் நெருங்குகிறது. பிளைக் துடித்துக் கையிலிருந்து குதித்து ஓடுகிறது. அதைப் பிடிக்க ஓடிய கிழவரும் பிழைத்துக் கொள்கிறார்.

அதற்குப் பிறகு வருவதுதான் படத்தின் உயிர். கூப்பிட்டால் நாய் வருவதில்லை! நம்பிக்கை போய்விட்டது. அந்தக் கிழவர் ஒரு பைன் மரக்காயை எடுத்து ஆட்டிக் காட்டி, குழந்தைபோல் கெஞ்சி விளையாட்டுக்கு அழைக்கிறார். நெடுநேரம் கழித்துத்தான் வருகிறது.

இத்தாலியில் இந்தப் படம் வசூலில் தோற்றது. ஆண்ட்ரியோட்டி என்ற மந்திரிசபைப் பிரமுகர், இது நாட்டின் மானத்தைக் கெடுக்கிறது என்கிற ரீதியில் கண்டித்தார். பிற்காலத்தில் அவர் பிரதமராகவும் ஆனார். கிழவரின் பென்சனை விட நாட்டின் மானம் அவருக்குப் பெரிதாகப் பட்டது போலும்!

மெதுவாகப் போகிறதே!

"படம் மெதுவாகப் போகிறது" என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். உண்மைதான். வேலைக்காரப் பெண் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, காப்பிக்கொட்டை அரைக்கிறாள். உட்கார்ந்தபடியே கால் விரலை நீட்டிக் கதவைத் தள்ளுகிறாள். கண்ணில் நீர். அவ்வளவுதான் காட்சி. ஆனால் வயதான நாயோடு வாழும் வீட்டின் வேகமும் அதுதான். வாசல்படியை ஏற அதற்கு ஒரு நிமிடம் ஆகும். பார்த்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும்.

இத்தாலியில் 1991-ல் ஒரு சட்டம் வந்தது. பட்டியில் அடைத்த ஆரோக்கியமான நாய்களைக் கொல்லக் கூடாது என்றது. வளர்த்த பிராணியைக் கைவிட்டால் ஓராண்டு வரை காவல், அல்லது 10,000 யூரோ வரை அபராதம் என்று 2004-ல் இன்னொரு சட்டம் சொன்னது. நம் நாட்டில் 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டமும் இதைக் குற்றம் என்றே சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அது வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! ஒரு வாழ்நாள் காவல் காத்த நாய்க்கு இதுவா விலை?

படம் முடிந்ததும் காலடியில் கிடப்பதைப் பாருங்கள். திரையில் பிளைக் குரைத்தபோது அது காதை உயர்த்தியதா? இல்லை என்றால் காது கேட்காமல் இருக்கலாம். கூப்பிட்டால் வராததைத் திமிர் என்று நினைத்திருப்பீர்கள். வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது சிறுநீரகக் கோளாறாகவோ, சர்க்கரை வியாதியாகவோ இருக்கலாம். கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். இரவில் அலைவது, மனிதருக்கு வருவது போன்ற முதுமை மறதியாக இருக்கலாம். கால்வலி என்று உங்கள் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமாலும் ஐபுபுரூபனும் நாய்க்கு விஷமாகிவிடும்.

இன்று இரவே செய்யக்கூடிய ஒன்று உண்டு. அது படுக்கும் இடத்திலிருந்து வாசல் வரை பழைய சாக்கை விரித்து வையுங்கள். வழவழப்பான தரையில் அதற்குக் கால் வழுக்குகிறது.