நாட்டின் கடனுக்குத் தவணை கிடைத்தது, அடகுக் கடையில் கிடக்கும் நகைக்கு?

2022 ஜூன் மாதத்தில் ஒரு நாள். எரிபொருள் இல்லாததால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. சாம்பல்தீவிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு திருகோணமலை நகருக்குப் போனேன். சட்டைப் பையில் மனைவியின் நான்கு பவுண் காப்பு இருந்தது. வங்கியின் அடகுப் பிரிவில் எனக்கு முன்னால் முப்பது பேராவது நின்றார்கள். பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னத் துணிப் பை.

அந்த வரிசையில் என்னிடம் பத்தாம் வகுப்பில் கணிதம் படித்த மாணவன் ஒருவனின் உம்மாவும் நின்றார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவராகவே, "சேர், நீங்களும் காணல்ல, நானும் காணல்ல" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். மூன்று வருடங்களாக இருவரும் அந்த வாக்கைக் காப்பாற்றினோம். இப்போது எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டேன். பெயரைப் போடாமல் எழுதச் சொன்னார்.

நெருக்கடி முடிந்துவிட்டது என்று இப்போது சொல்கிறார்கள். புள்ளிவிபரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களின் கணக்கு இன்னும் முடியவில்லை. அதைத்தான் இங்கு எழுத நினைக்கிறேன்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்டது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்திற்குள் 360ஐத் தாண்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ஆனது. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாய். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நாட்டின் வறுமை ஒரே வருடத்தில் 13 வீதத்திலிருந்து 25 வீதமாக உயர்ந்ததாக உலக வங்கி கணித்தது. அதாவது நான்கு பேரில் ஒருவர்.

ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பரில், பணவீக்கம் 1.3 வீதமாகக் குறைந்தது. அன்று ஆசிரியர் அறையில் ஒருவர் பத்திரிகையைக் காட்டி, "சாமான் விலை எல்லாம் இறங்கிட்டாம்" என்றார். அதே நாளில் ஒன்பதாம் வகுப்புக்கு நூற்றுவீதம் கற்பித்தேன். 100 ரூபாய்ச் சாமான் 70 வீதம் கூடினால் 170 ரூபாய். அது மேலும் 1 வீதம் கூடினால் 171 ரூபாய் 70 சதம். "அப்ப 100 ரூபாய்க்கு எப்ப சேர் வரும்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வராது என்றேன். விலை ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை அங்கேயே நிற்கிறது. சம்பளம் அதை எட்டிப் பிடிக்க வேண்டும். அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தும் திட்டம் 2025 ஏப்ரலில்தான், அதுவும் கட்டம் கட்டமாகத் தொடங்கியது. இடையில் போன மூன்று வருடங்களை நாம் எதை வைத்துச் சமாளித்தோம்? பெரும்பாலான வீடுகளில் பெண்களின் கழுத்திலும் கையிலும் இருந்ததை வைத்துத்தான்.

என் கதையை முதலில் சொல்கிறேன். நான்கு பவுணுக்கு நான்கு இலட்சம் கிடைத்தது. வட்டி நூற்றுக்கு 24. வட்டி என்று தெரிந்துதான் போனேன், அதை நியாயப்படுத்த வரவில்லை. முதல் வருடம் 96,000 கட்டினேன். அடுத்த வருடம் 20 வீதமாகப் புதுப்பித்து 80,000. மத்திய வங்கி வட்டி வீதங்களைக் குறைத்த பிறகு மூன்றாம் வருடம் 13 வீதம், 52,000. ஆக மொத்தம் 2,28,000 ரூபாய் கட்டி முடித்த அன்றும் அசல் அதே நான்கு இலட்சமாகவே இருந்தது. இந்த வருடம்தான் இரண்டு பவுணை மீட்டேன். மற்ற இரண்டும் இன்னும் அங்கேதான்.

அந்த நான்கு இலட்சத்தில் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் உம்மாவின் மருந்துக்கும் போனது ஒன்றரை இலட்சம்தான். மிச்சம் இரண்டரை இலட்சம் சீமெந்துக்கும் கம்பிக்கும் மேசன் கூலிக்கும் போனது. மகளுக்கு அப்போது பதினைந்து வயது. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் முடிக்க வேண்டும் என்பது கிழக்கிலங்கையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள பழைய வழமை. ஆயிரம் ரூபாய் அளவில் வாங்கிய சீமெந்துப் பை மூவாயிரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. "காசு கையில இருந்தாப் பெறுமதி போயிடும், கல்லுல போடு" என்று எல்லாரும் சொன்னார்கள். போட்டேன். வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுவிட்டது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைக் கடற்காற்று தின்கிறது.

இதில் கசப்பான விடயம் ஒன்று உண்டு. 2022 ஆரம்பத்தில் ஓர் இலட்சத்துச் சொச்சமாக இருந்த ஒரு பவுண் தங்கம் 2025இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. பெறுமதியைக் காப்பாற்றும் பொருள் என் மனைவியின் கையில்தான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய், துருப்பிடிக்கும் பொருளாக மாற்றியவன் நான். கணித ஆசிரியர்!

இனி அந்த மாணவனின் உம்மா. அவருடைய கணவர் கடற்றொழிலாளி. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறிய படகு. அந்த இயந்திரம் மண்ணெண்ணெயில்தான் ஓடும். 2022 ஜூனில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, படகு கரையில் கிடந்தது. இரண்டு பவுணை 1,80,000 ரூபாய்க்கு வைத்தார். அரிசி, பழைய கடன், பால்மா. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. ஒரு தடவை கடலுக்குப் போக 30 லீற்றர் வேண்டும் என்றால் முன்பு 2,610 ரூபாய், இப்போது 10,200 ரூபாய். மீன் படாவிட்டாலும் அந்தக் காசு போய்விடும். கூலிக்கு ஆள் எடுக்க வழியில்லாமல் மகனைப் படகில் ஏற்றினார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம் இருந்தது. பின்னமும் சமன்பாடும் அந்த வகுப்பில் வேறு யாரையும்விட வேகமாகச் செய்தவன். நான் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். மூன்றாம் முறை போக எனக்கே வெட்கமாக இருந்தது.

வட்டியையும் அவர்களால் கட்ட முடியவில்லை. அறிவித்தல் கடிதம் வந்தது, 2023இல் நகை ஏலம் போனது. கடனையும் வட்டியையும் கழித்த பிறகு கைக்கு வந்தது மிகச் சொற்பம். இன்று அந்த இரண்டு பவுணை மீண்டும் வாங்க ஆறு இலட்சத்துக்கு மேல் வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் மீண்டும் வெளிநாட்டவரைக் காண்கிறோம். 2022இல் ஏழு இலட்சம் அளவில் இருந்த சுற்றுலாப் பயணிகளின் வருகை 2024இல் இருபது இலட்சத்தைத் தாண்டியது. அவருடைய மகனுக்கும் ஹோட்டல் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. நல்ல விடயம். ஆனால் அவனுடைய பத்தாம் வகுப்பும் உம்மாவின் இரண்டு பவுணும் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் நாட்டின் கடனோடு வீட்டின் கடனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாடு கட்ட முடியாது என்று சொன்னது. அதற்கு யாரும் நாட்டை ஏலம் விடவில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் திட்டத்திற்கு அனுமதி கொடுத்தது. 2024 ஜூனில் கடன் கொடுத்த நாடுகளுடன் உடன்பாடு ஏற்பட்டது. அசலை 2028 வரை கட்டத் தேவையில்லை என்று தவணை கிடைத்தது. அதே வருட டிசம்பரில் பிணைமுறிகளை வைத்திருந்தவர்கள் அசலில் 27 வீதத்தை விட்டுக்கொடுக்கும் மாற்றீடு நடந்தது. வியாபாரக் கடன்காரர்களுக்கும் ஓரளவு மூச்சு விட இடம் கிடைத்தது. வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் 'பராட்டே' அதிகாரம் 2024இல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, பின்னர் 2025 மார்ச் வரை அந்த நிறுத்தம் நீடிக்கப்பட்டது.

இவை தவறு என்று நான் சொல்லவில்லை. தேவையாகத்தான் இருந்தன. ஆனால் இரண்டு பவுண் காப்பை வைத்த பெண்ணுக்கு அப்படி ஒரு தவணை இல்லை. அவர் கடனுக்கு நாணய நிதியமும் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவர் எப்படிக் குரல் எழுப்புவார்?

ஆகவே நாம் என்ன செய்யலாம்? எனக்குப் படுவது இது. அன்று ஒரே வரிசையில் நின்றாலும் எங்கள் இருவருடைய கடனும் ஒரே வகையானதல்ல. அவர் பசிக்காகவும் தொழிலுக்காகவும் வைத்தார். நான் பெரும்பகுதியை ஊர் வழமைக்காக வைத்தேன். இரண்டுக்கும் வெவ்வேறு மருந்து தேவை.

அவருடைய கடனுக்கு மருந்து நம்மிடமே இருக்கிறது. ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒரு வகையினர். ஆனால் நமது ஊர்களில் ஸகாத் என்றால் ரமழானில் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று பிரித்துக் கொடுப்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. அதில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்து, உலமாக்களின் ஆலோசனையோடு, ஏலத்திற்குப் போகவிருக்கும் நகைகளை மீட்டுக் கொடுக்கலாம். ஸகாத் பொருந்தாத இடத்தில் வட்டியில்லாக் கடனாக, கர்ழன் ஹஸனாகக் கொடுத்து மாதம் மாதம் திரும்பப் பெறலாம். 2023இல் ஐம்பது வீடுகள் ஆளுக்கு 4,000 ரூபாய் போட்டிருந்தால் அந்த இரண்டு பவுணின் அசலை அப்படியே கட்டி, வட்டியிலும் ஒரு பகுதியைக் கட்டியிருக்கலாம். அந்தக் காசு திரும்பி வந்து அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். நம்பிக்கையில் கொடுத்து, எழுதாமல் விட்டு, பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் சண்டை பிடித்த கதைகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. இரண்டு, பெறுபவரின் பெயர் வெளியே வரக்கூடாது. படம் எடுத்து முகநூலில் போடுவதாக இருந்தால் யாரும் வரமாட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள்தான் உண்மையில் தேவையுள்ளவர்கள்.

என்னுடைய கடனுக்கு ஸகாத் நிதியில் இடம் கேட்க எனக்கு உரிமையில்லை. அதற்கு மருந்து, வாப்பாமார் சேர்ந்து எடுக்கும் ஒரு முடிவுதான். கைக்கூலி கூடாது என்று குத்பாவில் கேட்கிறோம், தலையாட்டுகிறோம். வீட்டைக் கைக்கூலி என்று நாம் கணக்கெடுப்பதில்லை, "பிள்ளைக்குத்தானே" என்கிறோம். பிள்ளைக்கு வாப்பா வீடு கொடுப்பதில் தவறில்லை. வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை இல்லை என்பதுதான் தவறு. ஆண் பிள்ளைகளைப் பெற்ற வீடுகள் முதலில் பேசினால் இது இலேசாகும். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், பன்னிரண்டு வயது. அவனுக்கு வீடு கேட்க மாட்டோம் என்று மனைவியும் நானும் முடிவெடுத்துவிட்டோம். இங்கே எழுதிவிட்டால் பிறகு மாற முடியாது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

மகள் இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள். நிற்கும் வீட்டுக்கு இனி ஒரு பை சீமெந்தும் வாங்குவதில்லை, அந்தக் காசு அவளுடைய படிப்புக்கு என்று அவளிடம் சொன்னேன். "அப்ப உம்மாட மத்த ரெண்டு காப்பு?" என்று கேட்டாள். அதுதான் முதலில் என்றேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்திலுள்ள இருவரிடம் இந்த நிதி பற்றிப் பேசினேன். ஒருவர், "நல்ல யோசனை சேர், எழுதித் தாங்க" என்றார். மற்றவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, தன் வீட்டு நகையும் வங்கியில் இருப்பதாக மெல்லச் சொன்னார்.