உருளைக்கிழங்கு காயா, சோறா?



வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் ஸ்ரீரங்கத்தில் அகத்திக்கீரைக்கு வரும் மவுசைப் பார்த்திருப்பீர்கள். மற்ற நாளில் மாட்டுக்குப் போகிற கீரை, அன்று கட்டுக் கட்டாக வீடுகளுக்குப் போகும். துவாதசி பாரணையில் அகத்தி, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் இலையில் விழுந்தாக வேண்டுமே! அதற்கடுத்த நாள்? பழையபடி உருளைக்கிழங்கு ரோஸ்ட்.

உருளையோடு எனக்கு வம்பு இல்லை. அதில் வைட்டமின் சி உண்டு, பொட்டாசியம் உண்டு. திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒருமுறை வாங்கிப் போட்டால் பத்து நாள் கெடாது. திடீரென்று விருந்தாளி வந்தால் மானத்தைக் காப்பாற்றுவதும் அதுதான்.

ஆனால் அதைக் காய்க் கணக்கில் சேர்க்கிறோமே, அங்கேதான் இடிக்கிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிடச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம், அந்த 400 கிராமில் உருளையைச் சேர்ப்பதில்லை. காரணம், அது மாவுச்சத்து. சோற்றுக்கு உருளை தொட்டுக்கொண்டால், சோற்றுக்குச் சோற்றையே தொட்டுக்கொண்ட கதைதான். சர்க்கரை உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சமைக்காத 100 கிராம் உருளையில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கால்சியம் பத்து மில்லிகிராம் அளவுதான். அதே எடை முளைக்கீரையில் இரும்பு நாலு மில்லிகிராமுக்கு மேல், கால்சியம் 300-ஐத் தாண்டும். அகத்தியில் கால்சியம் 900-ஐத் தொடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. இரண்டில் ஒருவர்! உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் இருப்பவர்கள்தானே இவர்கள்?

கீரை மட்டுமே ரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். கீரையில் உள்ள இரும்பு முழுவதையும் உடம்பு எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி துணைக்கு இருந்தால் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். துவாதசி இலையில் அகத்திக்குப் பக்கத்திலேயே நெல்லிக்காய் இருக்கிறது, பாருங்கள். மற்ற நாளில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளலாம். சாப்பிட்ட கையோடு ஃபில்டர் காபி குடித்தால் அந்த இரும்பில் ஒரு பங்கு வீணாகும். ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். (திருச்சிக்காரர்களிடம் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும்தான்!)

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், கிட்னி பிரச்சினை உள்ளவர்களும் கீரையைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

கீரை நல்லது என்று தெரியாதவர் யார்? பிறகு ஏன் வாங்குவதில்லை? ஆய வேண்டுமே! முருங்கைக்கீரையை உருவி, காம்பு பொறுக்கி, மண் போக மூன்று தண்ணீரில் அலசி முடிப்பதற்குள் ஸ்கூல் வேன் வாசலில் ஹாரன் அடித்துவிடும். உருளையோ குக்கரில் மூன்று விசில். காலையில் ஒற்றை ஆளாக அடுப்படியில் நிற்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? குறை அவரிடம் இல்லை, கீரையை அவர் ஒருவர் தலையிலேயே கட்டிவிட்ட நம்மிடம்தான்.

அதனால் என் வேண்டுகோள் அடுப்படிக்கு அல்ல, ஹாலுக்கு. ராத்திரி டிவி பார்க்கும்போது ஒரு பேப்பரை விரித்து, கீரைக்கட்டை நடுவில் போடுங்கள். அப்பாவும் பிள்ளைகளும் ஆயட்டும். ஆய்ந்ததைத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் அலசிப் போட வேண்டியதுதான் பாக்கி. உருளை செய்கிற நாளில் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் மூன்று நாள் கீரை என்று ஆரம்பிப்போமா? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தகராறு செய்யாமல் சாப்பிடும் கீரைப் பக்குவம் எது? எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்