சோளக்கட்டையும் வேர்முடிச்சும்

முதன்முதலாகச் சுங்கான் வாங்கப் போகிறவருக்குப் பழகிய கைகள் சொல்லும் புத்திமதி அநேகமாக ஒன்றுதான்: முதலில் சோளக்கட்டைச் சுங்கான் ஒன்று வாங்கு, கை பழகியதும் பிரையருக்குப் போ. ஏன் என்று கேட்டால் 'மலிவு' என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். புத்திமதி சரி, காரணம்தான் அரைகுறை. மலிவுதான் கணக்கு என்றால் மட்டரகப் பிரையரும் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கித் தொலைக்கலாமே. சோளக்கட்டைக்கு நான் கட்சி கட்டுவது வேறொரு காரணத்துக்காக. புதுப் பிரையரைக் கையில் எடுக்கும் புது ஆள், பழகாத மாட்டைப் பூட்டிக்கொண்டு வண்டியோட்டக் கற்கிறவன் மாதிரி. வண்டி வாய்க்காலில் இறங்கினால் மாடு இழுத்ததா, இவன் இழுத்தானா என்று அவனுக்கே விளங்காது.

பிரையர் மத்தியதரைக் கடலோர மலைச்சரிவுகளில் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்மரம். தண்டுக்கும் வேருக்கும் இடையில், மண்ணுக்குள் உருண்டு திரளும் முடிச்சைத்தான் சுங்கானுக்கு வெட்டுகிறார்கள். பிரெஞ்சில் 'புரூயேர்' என்றிருந்தது ஆங்கில வாயில் பிரையர் ஆனது. அதற்குமுன் புழக்கத்தில் இருந்த களிமண் சுங்கான் கைதவறினால் உடையும். மீர்ஷாம் என்ற கடல்நுரைக்கல் பணக்காரர் சமாசாரம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில், சேன் குளோத் ஊர்க் கடைசல்காரர்கள் இந்த முடிச்சைக் கடைய ஆரம்பித்தபின் சுங்கான் என்றாலே பிரையர் என்றாகிவிட்டது. முடிச்சை வெட்டி, பல மணி நேரம் வேகவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில் மெதுவாக உலர்த்திய பிறகே கடைசலுக்கு ஏற்றுகிறார்கள். இவ்வளவு பாடுபட்டாலும் கடைக்கு வருவது வெறும் மரம்தான். அதற்குள் நெருப்பை வைக்க வேண்டும். மரம் கருகாமல் இருக்க, கிண்ணத்தின் உள்சுவரில் கரி மெல்லப் படிந்து ஒரு பூச்சாக இறுக வேண்டும். புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். பாதிக் கிண்ணம் புகையிலை, தணிந்த நெருப்பு, அவசரமில்லாத இழுப்பு என்று பலமுறை புகைத்தால் அந்தப் பூச்சு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வரும். அதற்குமேல் தடித்தால் சூட்டில் கரி விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடலாம் என்பதால் சுரண்டிக் கனத்தைக் குறைக்க வேண்டும். தேர்ந்த கை செய்ய வேண்டிய இந்த வேலையை நேற்று சேர்ந்த மாணவனிடம் கொடுக்கிறோம்.

மாணவன் என்ன செய்வான் என்பது ஊகிக்கக் கூடியதுதான். புகையிலையை அழுத்தித் திணிப்பான். அணைந்துவிடுமோ என்ற பயத்தில் நெருப்புப் பெட்டியைக் கீழே வைக்காமல் பற்றவைத்துக்கொண்டே இருப்பான். துருத்தி ஊதுவதுபோல் இழுப்பான். கிண்ணம் கையில் பிடிக்க முடியாமல் சுடும், நாக்கு எரியும், குழாயின் அடியில் நீர் கோத்துக்கொண்டு கொடகொடவென்று சத்தம் வரும். புதுப் பிரையரிலும் இதே அறிகுறிகள் வேறு காரணத்தால் வரும். பூச்சு ஏறாத மரத்தின் காட்டமான சுவையும், விலை குறைந்த பிரையரில் காற்றுத்துளை கிண்ணத்தின் அடியைச் சேராமல் மேலே போய் முட்டுவதும், மரத்தின் இயற்கைக் குழிகளில் மக்கு அடைத்து மேலே வார்னிஷ் பூசி மறைத்திருப்பதும் உண்டு. நாக்கு எரிந்தது யாரால்?

சோளக்கட்டை இந்தக் குழப்பத்தில் ஒரு பாதியை எடுத்துவிடுகிறது. ஹாலந்திலிருந்து குடியேறிய ஹென்றி டிப்பி என்ற கடைசல்காரர், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து வாஷிங்டன் என்னும் சிற்றூரில் 1869இல் இதைக் கடையத் தொடங்கினார். விவசாயி ஒருவர் கேட்டதற்காகக் கடைந்து கொடுத்ததில் ஆரம்பித்தது என்பது ஊர்க் கதை. 1878இல் அவர் காப்புரிமை வாங்கிய உபாயம் எளிமையானது: சோள முத்துகள் உட்கார்ந்திருந்த வெளிக்குழிகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை அப்பி, உலர்ந்ததும் வழவழவென்று தேய்த்துவிடுவது. எடைக்குறைவிலும் நுண்துளையிலும் மீர்ஷாமைப் போன்றது என்பதால்தான் 'மிசூரி மீர்ஷாம்' என்று பெயரும் வைத்தார்கள். ஏழைக் கட்டைக்குப் பணக்காரப் பெயர். அந்தப் பெயரில் கம்பெனி இன்றும் அதே ஊரில் நடக்கிறது. தடித்த கட்டைக்கென்றே உருவாக்கிய சோள ரகத்தைப் பயிரிட்டு, முத்து உதிர்த்த கட்டையை நீண்ட காலம் காயவைத்த பிறகே கடைகிறார்கள். கட்டையின் உடம்பெல்லாம் நுண்துளை. புகையோடு வரும் ஈரத்தை அது குடித்துக்கொள்வதால் கொடகொடப்பு குறைவு. எடை குறைவு என்பதால் பல்லில் கடித்திருந்தாலும் தாடை வலிக்காது. பழக்க வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. முதல் நாளே முழுக் கிண்ணம் நிரப்பலாம். அதற்குப் பிறகும் நாக்கு எரிந்தால் தப்பு சுங்கானில் இல்லை என்று நிச்சயமாகத் தெரியும். கற்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேண்டுமா?

எதிர்வாதங்கள் லேசானவை அல்ல. சோளக்கட்டை எரிந்து ஓட்டையாகிவிடும் என்பது முதலாவது. ஆகலாம், முக்கியமாக அடியில். அதனால்தான் சில மாதிரிகளுக்கு அடியில் மர அடைப்பு வைக்கிறார்கள். ஆனால் முரட்டு இழுப்பில் பிரையரும்தான் ஓட்டையாகிறது. ஒன்றில் போவது பத்துப் பதினைந்து டாலர். சுமாரான பிரையரில் அதைப்போலப் பல மடங்கு. சுவை கெடும் என்பது இரண்டாவது. புதுக் கட்டையின் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தால், காம்பின் மரத்துண்டு அடிப்பக்கத்தில் மூக்கு நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். நெருப்பு அங்கே இறங்கும்போது அந்த மூக்கு கருகும். சோளத்தின் தித்திப்போடு அந்தக் கருகலும் சேர்ந்து முதல் சில தடவை புகையிலையை அமுக்கிவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பிறகு மூக்கு கரியாகிச் சுவை ஒதுங்குகிறது.

மூன்றாவது வாதம்தான் என்னைக் கொஞ்சம் அசைக்கிறது. ஈரத்தையெல்லாம் கட்டையே குடித்துவிட்டால், ஈரம் கோக்காமல் புகைக்கும் வித்தையை மாணவன் எங்கே கற்பான்? பிரையருக்குப் போன அன்று தடுமாறமாட்டானா? தடுமாறுவான். ஆனால் அன்றைக்கு அவனுக்குத் திணிக்கவும், அமுக்கவும், அணையாமல் நிதானமாக இழுக்கவும் தெரிந்திருக்கும். கற்க மிஞ்சியிருப்பது ஒன்றுதான். நான்கையும் ஒரே நாளில் கற்பதைவிட அது மேல். தவிர, பிரையருக்கு ஒவ்வொரு முறை புகைத்த பிறகும் ஒரு நாளாவது ஓய்வு கொடுத்து உலரவிட வேண்டும் என்பது வழக்கம். நாளுக்கொன்றாக ஏழு சுங்கான் அடுக்கிய பெட்டிகளைக் கம்பெனிகள் விற்றது சும்மா அல்ல. ஒரு பிரையரின் விலையைச் சோளக்கட்டையோடு ஒப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

சோளக்கட்டைக்கு உண்மையான போட்டி புதுப் பிரையர் அல்ல, இன்னொருவர் புகைத்துப் பழக்கிக் கைமாறிய பழைய பிரையர். பூச்சு ஏறியிருக்கும், விலையும் பாதி. என் வாதத்தை இது ஏறக்குறையச் சாய்த்துவிடும். ஆனால் காம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, அடி கருகியிருக்கிறதா, முன்னவர் புகைத்த வாசனைப் புகையிலை மரத்தில் ஊறிப்போய் இனி விலகாதா என்பதைப் பார்த்துச் சொல்லப் பழகிய கண் வேண்டும். அது புது ஆளிடம் இல்லை. கூட வந்து பார்த்துக் கொடுக்க ஆளிருந்தால் பழைய பிரையரே வாங்கட்டும், நான் தடுக்கவில்லை.

கௌரவம் பற்றியும் ஒரு வார்த்தை. சோளக்கட்டை நாட்டுப்புறத்தானின் சாமான் என்ற இளக்காரம் இன்றும் உண்டு. 1945 ஆகஸ்ட் 30 அன்று ஜப்பானின் அட்சுகி விமானத்தளத்தில் வெற்றிபெற்ற தளபதியாக வந்திறங்கிய டக்ளஸ் மக்கார்தரின் வாயில் இருந்தது இதே சோளக்கட்டைதான்.

புகைக்கவே வேண்டாம் என்று சொல்வதுதானே நியாயம் என்று கேட்பவருக்கு என்னிடம் மறுப்பு இல்லை. சுங்கான் புகைப்பதற்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை 1964லேயே சொல்லிவிட்டது. கிண்ணம் எதனால் ஆனாலும் உள்ளே எரிவது புகையிலை. நிகோடினுக்குச் சோளமும் பிரையரும் ஒன்றுதான். ஆனாலும் வாங்கியே தீருவேன் என்பவருக்கு இந்த நியாயமும் சோளக்கட்டையைத்தான் காட்டுகிறது. நல்ல பிரையர் மெருகேற மெருகேற, மரத்தின் இழை தெரியத் தெரிய, சொத்தாகிவிடுகிறது. விட நினைக்கும் நாளில் போட்ட பணமும் பார்த்துப் பார்த்து ஏற்றிய பூச்சும் கையைப் பிடித்துக்கொள்ளும். சோளக்கட்டைக்கு அந்தப் பிடி இல்லை. அமெரிக்கப் பண்ணை வீடுகளில் அது முதலில் போய்க்கொண்டிருந்ததே அடுப்புக்குத்தான். ஐந்தாவது வாரம் வேண்டாம் என்று தோன்றினால், பிளாஸ்டிக் வாய்ப்பகுதியைக் கழற்றிவிட்டு மிச்சத்தையும் அங்கேயே அனுப்பிவிடலாம்.