மன்னவனூர் ஆடும் குறும்பர் தறியும்

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் போகிறவர்கள் புல்வெளியையும் செம்மறி ஆடுகளையும் படம்பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் 1965-இல் அங்கே தொடங்கிய நிலையத்தில் வளர்வது மெல்லிய ரோமம் தரும் பாரத் மெரினோ. உடுப்புக்கு அருமையான ரோமம். தரைவிரிப்புக்கோ மிதிபட்டாலும் நிமிர்ந்துகொள்ளும் முரட்டு ரோமம் வேண்டும். அது நம் சமவெளி நாட்டு ஆடுகளிடம் இருக்கிறது. ஆடு மேய்க்கும் குறும்பர்கள் அதைக் கத்தரித்து, வில்லால் அடித்து, நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு, சாயமே தொடாமல் கறுப்புக் கம்பளி நெய்தார்கள். தூறலையும் குளிரையும் ஒருசேரத் தாங்கும் நெசவு! இந்த மலைக் கடைகளில் ஆக்ரிலிக் போர்வைகள் குவிந்து கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மன்னவனூரில் ஆராய்ச்சியோடு ஒரு குழித்தறியும் ஓடட்டும். அதில் உட்காரும் நெசவாளிக்கு மாதச் சம்பளம் கொடுங்கள்.